ஒழுகுகிறது என்று சொல்ல ஓர் ஆள்

(வாடகைக்கு வீடு விடுவோருக்காகச் சென்னையில் ஓர் ஆகஸ்ட் மாலையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச ஆரம்பிக்கும் முன்னால் இந்தக் குழாய்த் துண்டைக் கை மாற்றி அனுப்புகிறேன். பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். துரு ஒட்டும், வெள்ளை வேட்டிக்காரர்கள் ஜாக்கிரதை. முக்கால் அங்குல ஜி.ஐ. குழாய் இது. வெளியிலிருந்து பார்த்தால் இன்னும் இருபது வருஷம் தாங்கும் போலத்தான் தெரியும். கண்ணுக்கு நேரே பிடித்து, அந்த டியூப்லைட்டைப் பாருங்கள். உள்ளே துருவும் உப்பும் படிந்து படிந்து, தண்ணீர் போவதற்கு மிச்சம் இருந்த வழி ஒரு பென்சில் நுழையும் அளவுதான்.

இது எங்கள் வீட்டுச் சுவருக்குள் இருந்தது. மயிலாப்பூரில் என் மாமனார் விட்டுப்போன வீடு. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ். பின்னால் எழுபதுகளில் கட்டிய கான்கிரீட் போர்ஷன்கள். எங்களைத் தவிர ஐந்து குடித்தனம். பின்பக்கத்து போர்ஷனில் சமையலறைக் குழாயில் மூன்று வருஷமாகத் தண்ணீர் நூல் போல வந்துகொண்டிருந்திருக்கிறது. காலையில் முதலில் பிடிக்கிற சொம்புத் தண்ணீர் மஞ்சளாக வருமாம். கொட்டிவிட்டு அடுத்த சொம்பு பிடிப்பார்களாம். எனக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் வளைவில் குழாய் விட்டுப்போய், சுவர் ஊறி, அடுத்த போர்ஷனில் பீரோவுக்குப் பின்னால் பூச்சு பெயர்ந்து விழுந்தபோதுதான் தெரிந்தது. சுவரை வெட்டி, குழாயை மாற்றி, பூசி, டைல்ஸ் ஒட்டி, இரண்டு வீட்டுக்கும் பெயின்ட் அடித்து முடித்தபோது, அந்த போர்ஷனின் ஏழு மாத வாடகை போயிருந்தது.

"ஏம்மா, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே?" என்று பின்பக்கத்து போர்ஷன் அம்மாவிடம் கேட்டேன்.

"சொன்னா, பைப்பை மாத்தின கையோட வாடகையையும் ஏத்திடுவீங்களோன்னு இருந்துட்டோம் அக்கா."

வங்கியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவள் நான். அந்தப் பதிலுக்கு முன்னால் என் கணக்கு எதுவும் நிற்கவில்லை. ஏனென்றால் அவள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் வேறொரு போர்ஷனில் கழிவறைக் கதவை மாற்றிவிட்டு, அடுத்த மாதமே ஐந்நூறு ரூபாய் ஏற்றியவள் நானேதான்.

வீட்டைக் கெடுப்பது தண்ணீர் என்பார்கள் கொத்தனார்கள். சரிதான். ஆனால் சுவரில் தண்ணீர் இறங்கின நாளுக்கும், அந்தச் செய்தி நம் காதுக்கு வந்த நாளுக்கும் நடுவே ஓடிப்போகிற மாதங்கள் இருக்கிறதே, பில் அங்கேதான் ஏறுகிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவர் காலையில் எழுந்ததும் அந்தச் சுவரைத்தான் பார்க்கிறார். வாடகை வீட்டில் பார்ப்பவர் ஒருவர், பணம் போடுபவர் இன்னொருவர். இன்றைக்கு நான் சொல்லப்போகிற தொட்டி, மாடி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒரு விஷயம்தான் ஓடும். குடியிருப்பவர் பயமில்லாமல் நம்மைக் கூப்பிட வேண்டும். அதற்கு என்ன வழி என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

முதலில் ஓதம். நம்மில் பாதிப் பேர் ஓதத்தைப் பார்த்தவுடன் பெயின்டரைக் கூப்பிடுகிறோம். அவரும் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்துவிட்டுப் போவார். ஆறு மாதத்தில் அதே இடம் அப்பளம் போலப் பொரிந்து நிற்கும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே எதைப் பூசினாலும் காசு தண்டம். எங்கள் வீட்டுக்கு வருகிற மேஸ்திரி சுவரைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் குடியிருக்கிற அம்மாவிடம் மூன்று கேள்வி கேட்பார். மழைக்கு மட்டும் வருதா, வருஷம் பூரா இருக்கா? மேலேயிருந்து இறங்குதா, கீழேயிருந்து ஏறுதா? சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?

மழைக்கு மட்டும் வந்தால் மாடியையோ வெளிச்சுவர் வெடிப்பையோ சன்ஷேடு சேருமிடத்தையோ பார்க்க வேண்டும். சித்திரை வெயிலிலும் காயவில்லை என்றால் குளியலறை, அல்லது சுவருக்குள் ஓடுகிற குழாய். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைக்கும் உப்புப் பூத்து நின்றால் அஸ்திவாரத்து ஈரம் மேலே ஏறுகிறது என்று அர்த்தம். பழைய சுண்ணாம்புச் சுவர்களில் இது சகஜம். அதன்மேல் கெட்டியாக சிமென்ட் பூசினால் மூன்றடியில் நின்ற ஈரம் வெளியேற வழியில்லாமல் ஐந்தடிக்கு ஏறும். சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை வெளியே விட்டுக் காய்ந்துகொள்ளும். நம் பாட்டன்மார் வருஷா வருஷம் வெள்ளையடித்தது அழகுக்கு மட்டும் இல்லை.

இன்னொன்றும் கவனித்தீர்களா? அந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தவர் உள்ளே குடியிருப்பவர். நமக்குத் தெரியாது.

குழாய்க் கசிவா, குளியலறைத் தரையா என்று பிரித்துப் பார்க்க, செலவில்லாத இரண்டு சோதனை இருக்கிறது. ராத்திரி தொட்டியை நிரப்பி, தண்ணீர் நிற்கிற மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு போர்ஷனுக்கும் போகிற வால்வை மூடிவிடுங்கள். சந்தேகப்படுகிற போர்ஷனின் வால்வை மட்டும் திறந்து வையுங்கள். அங்கே இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, வாளியில் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விடிந்ததும் மட்டம் இறங்கியிருந்தால் குழாயில்தான் கோளாறு. இறங்கவில்லை என்றால் குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பரவினால் தரைதான் காரணம். பெரும்பாலும் டைல்ஸ் இடுக்கில் பூசின வெள்ளை சிமென்ட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் தரை ஓட்டையைச் சுற்றியுள்ள பூச்சு விட்டிருக்கும். முழுத் தரையையும் பெயர்க்கச் சொல்கிற ஆளிடம், முதலில் இடுக்குகளைச் சுரண்டி எபாக்ஸி அடைத்துப் பார்க்கலாமே என்று கேளுங்கள். பாதி இடத்தில் அதோடு நின்றுவிடும்.

இந்தச் சோதனைக்கு ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி வால்வு வேண்டும். இல்லாதவர்கள் இந்த வருஷம் போட்டுவிடுங்கள். இருக்கிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை முழுசாக மூடித் திறந்து வையுங்கள். பத்து வருஷம் தொடாத வால்வு, அவசரத்துக்குத் திருப்பும்போது கையோடு வந்துவிடும். எனக்கு வந்தது, ஒரு தீபாவளி விடியற்காலையில்.

கழிவறை ஃபிளஷ் தொட்டியைப் பற்றி ஒரு சின்ன வித்தை. சத்தமே இல்லாமல் தண்ணீரைக் குடிக்கிற சாதனம் வீட்டில் அதுதான். தொட்டிக்குள் கொஞ்சம் கேசரிப் பவுடர் போட்டுவிட்டு அரை மணி நேரம் யாரும் தண்ணீர் விடாமல் இருங்கள். கோப்பைக்குள் ஆரஞ்சு நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் போய்விட்டது. சொட்டுகிற குழாயையும் லேசாக நினைக்காதீர்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தாலும் நாலு லிட்டருக்கு மேல். மோட்டார் கரண்ட் நம்முடையது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுப்பவர்களும் நாம்தான்.

அடுத்தது மொட்டை மாடி. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், இதில் எனக்கு ஆசை அதிகம்.

மெட்ராஸ் டெரஸ் வீடு வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள். ஆறு பேர்... பரவாயில்லை, இன்னும் இருக்கிறோம். தேக்கு உத்தரங்களைக் குறுக்கே போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, கோணவாட்டில், சுண்ணாம்புக் கலவையில் பதித்து, அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியாகத் தட்டோடு ஒட்டிய கூரை. நூறு வருஷம் தாண்டியும் நிற்கிற கூரைகள் இந்த ஊரில் உண்டு. அதைக் கொன்றவர்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் கொன்றார்கள். ஒழுகுகிறது என்று மேலே இரண்டு அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போட்டார்கள். பாரம் ஏறியது. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டது. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனை வெளியே தெரியாமலே உளுத்தது. உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தை வருஷத்துக்கு ஒருமுறை சுத்தியல் கட்டையால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று கேட்கும். உளுத்தது பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்டால் மேஸ்திரியோடு நிற்காமல் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாடியில் தண்ணீர் கட்டிச் சோதிப்பதையும் இந்தக் கூரையில் செய்யாதீர்கள். அந்தப் பாரத்தைக் கிழ உத்தரத்தின் மேல் ஏற்றக்கூடாது.

கான்கிரீட் கூரைக்கு வேறு வியாதி. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டு கான்கிரீட்டை உள்ளிருந்தே நெம்பித் தள்ளும். கூரையில் கம்பி போகிற வாக்கில் நேர்க்கோடாக வெடிப்புத் தெரிந்தால் அதுதான் ஆரம்பம். கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு உப்புக் காற்றால் இது சீக்கிரமே வரும். இதற்கு மேலே பட்டி பார்ப்பது, குடியிருப்பவர் தலையில் கல்லைத் தொங்கவிடுகிற மாதிரி. தளர்ந்ததை எல்லாம் தட்டி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துருத் தடுப்பு பூசி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி தேய்ந்து மெலிந்திருந்தால் அதுவும் பொறியாளர் வேலை.

எந்தக் கூரையாக இருந்தாலும் மழைக்கு முன் செய்யவேண்டியது ஒன்றே. தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அக்டோபரில் மேஸ்திரியைத் தேடினால் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் பூசினது காயாது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மழைநீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கும் இலை, பந்து, செருப்பு, காக்கை போட்ட எலும்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கீழே எத்தனை விநாடியில் வருகிறது என்று பாருங்கள். 2003-இல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றார்கள், எல்லோரும் தொட்டி கட்டினோம். அதன் மூடியை அதற்குப் பிறகு திறந்தவர்கள் எத்தனை பேர்? மேலே படிந்த சேற்றை அள்ளி, ஜல்லியைக் கழுவித் திரும்பப் போடுங்கள். அரை நாள் வேலை.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே கிள்ளுவதில் பிரயோஜனமே இல்லை. இரட்டை மடங்காக வரும். வேர் போன வழியில் பூச்சை வெட்டி, வேரை முழுசாக எடுத்துவிட்டுப் பூச வேண்டும். அரசமரத்தை வெட்டினால் பாவம் என்று என் மாமியார் விடமாட்டார். பிடுங்கித் தொட்டியில் வைத்துவிடுவோம், அவரும் சமாதானம், சுவரும் பிழைத்தது. இப்போது எங்கள் வீட்டில் பதினோரு தொட்டி அரசங்கன்று இருக்கிறது. வேண்டுபவர்கள் போகும்போது சொல்லுங்கள்.

மாடிக்கு ஏறிப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறதோ இல்லையோ, துணி காயப்போடப் போகிறவர்களுக்கு இருக்கிறது. மேல் போர்ஷனில் இருக்கிற கல்லூரிப் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மழை விட்ட மறுநாள் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுவாள். அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் தை மாதத்தில் எங்கே தட்டோடு மாற்றுவது என்று மேஸ்திரி முடிவு செய்கிறார்.

மின்சாரத்துக்கு வருகிறேன். இதில் சிக்கனம் பார்ப்பவர்களிடம் எனக்குக் கோபம் வரும்.

எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பாற்றும். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிடுகிற ஆர்.சி.சி.பி. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனியாக இருக்க வேண்டும். அதில் 'டி' என்று எழுதின பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் மின்சாரம் போக வேண்டும். போகவில்லை என்றால் அது சும்மா மாட்டி வைத்த பிளாஸ்டிக் டப்பா. எர்த்து இல்லாத வீட்டில் வாஷிங் மெஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எர்த்துக் குழி இருக்கிறவர்கள் கோடையில் அதற்கும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் எர்த்து சரியாக இறங்காது.

2,000 வாட் கெய்சர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிளக் பழுப்பாகி உருகும் வாசனை முதலில் வருவது குடியிருப்பவர் மூக்குக்குத்தான். ஏசி மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டு வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மாட்டாமல் இருக்கமாட்டார்கள், கோடை வாட்டி எடுக்கும்போது நமக்குத் தெரியாமல் மாட்டுவார்கள், பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு பிளக்கில். அதனால் நானே மெயின் பெட்டியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் தனியாக இழுத்துக் கொடுத்துவிடுகிறேன். ஒருமுறைச் செலவு, அடுத்து வருபவருக்கும் ஆகும். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று பெரிய ஆம்பியர் மாட்டித் தருகிற எலக்ட்ரீஷியனை அன்றோடு நிறுத்திவிடுங்கள். அது விழுவது ஒயர் சூடாகாமல் இருக்கத்தான்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தரைத்தளத்தில் மீட்டர் பெட்டி வரைக்கும் தண்ணீர் வந்த தெருக்கள் நமக்குத் தெரியும். அங்கே இருப்பவர்கள் மீட்டரையும் மோட்டார் சுவிட்சையும் உயர்த்த மின்வாரியத்துக்கு விண்ணப்பித்துச் செய்யுங்கள். மோட்டார் இணைப்பைப் பொறுத்தவரை தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் அணைக்க வேண்டிய சுவிட்ச் எது என்று ஒரு சிவப்புத் தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். அன்றைக்கு நீங்கள் ஊரில் இல்லாமல் இருக்கலாம்.

இப்போது சொல்லப்போவதைச் சிரிக்காமல் கேளுங்கள். கழிவுநீர்த் தொட்டி.

அடைப்பு எடுக்க மனிதரை உள்ளே இறக்கக்கூடாது. 2013-இல் வந்த சட்டப்படி அது குற்றம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்க் குழிக்குள் ஆளை இறக்கினால் முதல் முறையிலேயே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. அங்கே இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணக் கணக்கை விடுங்கள். உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் இல்லை, இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் அதிக ஆபத்து. முதலில் இறங்கியவர் மயங்க, தூக்கப் போகிற இரண்டாமவரும் விழுவார். செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம். "எப்பவும் வர்ற ஆள்தாங்க, அவரே இறங்கிடுவார், லாரியைவிடக் குறைச்சல்" என்று சொல்கிறவர்கள் இந்த அறையிலும் இருக்கலாம். என் வீட்டிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. என் மாமனார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். மூடியே கிடந்த தண்ணீர் சம்ப்புக்கும் ஆளைத் திடீரென்று இறக்காதீர்கள். மூடியைத் திறந்து வெகுநேரம் காற்று போகவிட்டு, மேலே இரண்டு பேர் நின்று, இடுப்பில் கயிறு கட்டியே இறங்க வேண்டும்.

அடைப்பு வராமல் இருக்க வழி, குடிவருகிறபோதே சொல்லிவிடுவது. நாப்கினும் ஈர டிஷ்யூவும் கோப்பையில் போடக்கூடாது என்று ஆண்களிடம் சொல்லப் பெண்கள் கூச்சப்படுவார்கள், பெண்களிடம் சொல்ல ஆண் வீட்டுக்காரர்கள் கூச்சப்படுவார்கள். நான் குளியலறையில் மூடி போட்ட ஒரு குப்பைக்கூடை வாங்கி வைத்துவிடுகிறேன். பேச்சே தேவைப்படுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று யாராவது கேட்பீர்கள். 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச்சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னிணைப்பில் யார் எதைப் பார்க்க வேண்டும் என்று பிரித்தே எழுதியிருக்கிறார்கள். கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் நம் பக்கம். குழாய் வாஷர், கழிவுநீர் அடைப்பு, கெய்சர், சுவிட்ச், பூட்டு, கண்ணாடி, கொசு வலை எல்லாம் அவர்கள் பக்கம். நாம் செய்யவேண்டியதைச் செய்யாவிட்டால் அவர்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. வீட்டைப் பார்க்கப் போவதற்கு 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். சாவி நம்மிடம் ஒன்று இருக்கிறது என்று திறந்துகொண்டு போகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சட்டப்படி வாஷர் அவர்கள் பொறுப்பு என்றேன். ஆனாலும் என் வீட்டில் நான்தான் மாற்றித் தருகிறேன். வாஷர் சில ரூபாய். ஊறின சுவர் பல ஆயிரம். வாஷருக்கு என்னைக் கூப்பிட்டுப் பழகியவர்கள்தான் சுவர் ஈரத்துக்கும் கூப்பிடுவார்கள்.

பெயின்டிங் சார்ஜ் என்று காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கிறோமே, அதையும் நிறுத்திவிட்டேன். இது உங்களில் பலருக்குப் பிடிக்காது, முகத்திலேயே தெரிகிறது. எப்படி வைத்துக்கொண்டாலும் ஒரு மாதப் பணம் போகத்தான் போகிறது என்று தெரிந்தவர், குழந்தை சுவரில் கிறுக்கினால் ஏன் தடுப்பார்? இப்போது குடிவரும் அன்றே ஒவ்வொரு சுவரையும் கதவையும் தரையையும் இரண்டு பேரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறோம். காலி செய்யும்போது சாதாரணத் தேய்மானம் என் கணக்கு, உடைத்தது அவர் கணக்கு. நாலு வருஷத்தில் ஒரே ஒருமுறைதான் பணம் பிடிக்க வேண்டியிருந்தது. கதவில் ஆணியடித்து ஜிம் கம்பி மாட்டியிருந்தார் தம்பி.

"இதுக்கெல்லாம் பணத்துக்கு எங்கே போறது?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். கேட்கிறது ஐயா. வருமான வரிக் கணக்கில், சொத்து வரி போக மிச்ச வாடகையில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள அரசாங்கம் விடுகிறது. பராமரிப்புக்கு என்றே வைத்த கழிவு அது. செலவு செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, ரசீது கேட்பதில்லை. வரி கட்டும்போது வருஷா வருஷம் அதைக் கழித்துக்கொண்டுவிட்டு, குழாய் மாற்றும்போது மட்டும் காசில்லை என்கிறோம். நான் பன்னிரண்டு மாத வாடகையில் ஒரு மாதத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுவேன். பழைய வீடு என்பதால் சில வருஷம் பற்றாது. பெரும்பாலான வருஷம் மிச்சமாகும்.

அந்தக் கணக்கோடு ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். மோட்டார் கெபாசிட்டர் என்றைக்கு மாற்றியது, தொட்டி என்றைக்குக் கழுவியது, கரையான் மருந்து எந்த மூலையில் அடித்தது, எந்தச் சுவரில் எந்த உயரத்தில் குழாய் போகிறது. குழாய் போட்டு டைல்ஸ் ஒட்டும் முன்னால் டேப்பை நீட்டி வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அலமாரி மாட்ட வருகிறவர் குழாயில் டிரில் போடாமல் இருப்பார். மழைக்காலத்தில் கதவு இறுகினால் உடனே தச்சரைக் கூப்பிட்டு இழைக்காதீர்கள் என்றும் அதில் எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே மறந்துபோகும். கார்த்திகையில் இழைத்த கதவு பங்குனியில் விரல் நுழைகிற இடைவெளியோடு நிற்கும்.

தொட்டி மூடியைப் பற்றி ஒரு வரி. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் பறக்கும். மூடி உடைந்த மேல்தொட்டி ஒன்று போதும், தெருவுக்கே காய்ச்சல். இன்றைக்கு ராத்திரியே ஏறிப் பாருங்கள், டார்ச் எடுத்துக்கொண்டு.

நேரம் ஆகிவிட்டது, ஏற்பாடு செய்தவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். மேசை மேல் ஒரு பழைய பித்தளைக் குழாய், ஒரு ஸ்பானர், டெஃப்லான் டேப், இரண்டு ரூபாய் வாஷர் இருபது வைத்திருக்கிறேன். வாஷரை இதுவரைக்கும் சொந்தக் கையால் மாற்றாதவர்கள் வரிசையில் வாருங்கள். கழற்றும்போது முதலில் என்ன மூட வேண்டும் என்று கேட்பேன். வால்வு என்று சொல்லாதவர்களுக்கு ஸ்பானர் கிடையாது. அந்தத் துருப்பிடித்த குழாய்த் துண்டு இப்போது யாரிடம் இருக்கிறது? திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பின்பக்கத்து போர்ஷனில் இருக்கிற அம்மா அதைத் தன் வீட்டு ஜன்னலில் வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார்.